75 பேர்க் கணக்கில் ஒரு கம்பியூட்டர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்கு ஒரு பேர். 2024 செப்டம்பரில் இருந்து 2025 முழுவதும் அந்த ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது; கொழுந்து நிறை குறைந்த நாளில் அரைப்பேர்தான் விழும். கீழே வரும் விலைகளை ரூபாயில் எழுதி, பக்கத்தில் பேரிலும் எழுதியிருக்கிறேன். இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பகுதியில், தலவாக்கலைக்குக் கிட்டிய ஒரு லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) ஒரு சாமான் வாங்கினால் வீட்டில் உள்ளவர்கள் அதன் விலையை அப்படித்தான் கணக்குப் பார்க்கிறார்கள்.

சாமான் ஒரு மேசைக் கம்பியூட்டர். என்னிடம் படித்து, உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் 2025இல் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டியது. அவன் கொப்பியில் இருந்த கணக்கு:

ஐ3 12100 புரொசசர் – 36,000 ரூபாய் (26.7 பேர்)
எச்610 மதர்போர்ட் – 26,000 (19.3 பேர்)
8 ஜிபி டிடிஆர்4 ரேம் – 7,500 (5.6 பேர்)
256 ஜிபி எஸ்எஸ்டி – 8,500 (6.3 பேர்)
பவர் சப்ளையோடு வந்த கேசிங் – 9,500 (7 பேர்)
பாவித்த 19 அங்குல மொனிட்டர் – 11,000 (8.1 பேர்)
கீபோர்டும் மவுஸும் – 2,500 (1.9 பேர்)

மொத்தம் 101,000 ரூபாய். ஏறத்தாழ 75 பேர். 1,350இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 108 ரூபாய், கழியும். கைக்கு வரும் 1,242ஐ வைத்துப் பார்த்தால் 81 பேர். மாதம் 25 பேர் விழுந்தாலும், மூன்று மாதத்துக்கு மேல் அரிசியும் மாவும் வாங்காமல் இருந்தால்தான் இந்தத் தொகை ஒரு சம்பளத்தில் இருந்து சேரும். அம்மா கட்டிய சீட்டு, தீபாவளி முற்பணத்தில் மிஞ்சியது, கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பியது என்று மூன்று இடத்துக் காசு சேர்ந்துதான் இது வந்தது.

பாகங்கள் எல்லாம் டொலர் விலையில் வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360 வரை ஏறியது. 2025இல் 300ஐச் சுற்றி நின்றது. 100 டொலர் பெறுமதியான ஒரு பாகம், வரியும் கடை லாபமும் சேர்க்காமல், முறையே 20,300, 36,000, 30,000 ரூபாய். சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த 2022இல் அது முதலில் 20 பேர். இரண்டு மாதத்தில் 36 பேர். சம்பளம் 1,350 ஆன பிறகும் 22 பேர். 350 ரூபாய் கூட்டிக் கொடுத்த பின்னும் அதே பாகத்துக்கு இரண்டு நாள் கூடுதலாக மலை ஏற வேண்டியிருந்தது. ஒரு பாகத்தைத் தவறாக வாங்கினால் இந்த வீட்டில் எவ்வளவு போகும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பூட்டிய கம்பியூட்டர் வீட்டில் எழும்பவில்லை. பட்டனை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மதர்போர்டில் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். போனில் விசாரித்தபோது ஒரு கடையில், "போர்ட் போயிருக்கும்" என்று சொல்லி விலையும் சொன்னார்கள்: போர்ட் 26,000, கூலி 2,500. சேர்த்து 28,500 ரூபாய், 21 பேர். மாணவனின் அம்மா என்னிடம் கேட்டார்: "சேர், இன்னும் 21 பேர் போட்டா இது எழும்பும்னு அவங்க எழுதித் தருவாங்களா?"

யாரும் எழுதித் தர மாட்டார்கள். அதனால் எழும்பாத கம்பியூட்டரில் சோதனைகளைச் செலவின் வரிசையில் அடுக்குவதே சரி. காசு போகாத சோதனைகள் முதலில், சில்லறை போகும் சோதனைகள் அடுத்தது, ஒரு பேருக்கு மேல் கேட்பவை கடைசியில். எந்தப் பாகம் பழுதாக வாய்ப்பு அதிகம் என்று யோசித்துத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் விலை கூடிய பாகத்தில் போய் நிற்கிறார்கள்.

காசு போகாதவற்றில் முதலாவது, வயர்கள். பவர் சப்ளையில் இருந்து மதர்போர்டுக்கு 24 கால் கனெக்டர் ஒன்று போகிறது. புரொசசருக்கென்று 4 அல்லது 8 கால் கனெக்டர் ஒன்று தனியாகப் போர்டின் மேல் மூலைக்குப் போகிறது. இரண்டாவதை மறந்தால் விசிறி சுற்றும், திரையில் ஒன்றும் வராது. அடுத்தது பட்டன். கேசிங்கில் இருந்து வரும் மெல்லிய வயர்கள் செருகப்படும் இடத்தில் 9 ஊசிகள் இருக்கும். பெரும்பாலான போர்டுகளில் 6ஆவதும் 8ஆவதும் பவர் பட்டனுக்கு உரியவை. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டையும் ஒரு கணம் தொட்டுவிட்டால் பட்டன் இல்லாமலே கம்பியூட்டர் எழும்ப வேண்டும். எழும்பினால் பழுது கேசிங் பட்டனில், போர்டில் இல்லை.

ரேமைக் கழற்றிப் பூட்டுவது மூன்றாவது. டிடிஆர்4 ரேமில் 288 தொடுகைகள் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பனிமூட்டம் கதவு வழியாக அறைக்குள் வரும் ஊர் இது. பாவித்த ரேமாக இருந்தால் தொடுகைகளில் கறை படிந்திருக்கும். 40 ரூபாய் அழிறப்பர் ஒன்றால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, கொக்கி 'டக்' என்று விழும் வரை அழுத்த வேண்டும். போர்டில் இருக்கும் பொத்தான் பற்றரி சிஆர்2032, 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, 3 வோல்ட். பிளக்கைக் கழற்றிவிட்டு அதைச் சில நிமிடம் வெளியே எடுத்து வைத்தால் போர்ட் தன் பழைய அமைப்புகளை மறந்து புதிதாகத் தொடங்கும். புதிய பற்றரி 200 ரூபாய்தான், 0.15 பேர். மொனிட்டர் வயரையும் பார்க்க வேண்டும். 12100 புரொசசரில் படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கிறது, பெயரின் கடைசியில் 'எஃப்' சேர்ந்த 12100எஃப் புரொசசரில் அது இல்லை. சில ஆயிரம் குறைகிறதே என்று எஃப் வாங்கி, போர்டில் மொனிட்டரைச் செருகிவிட்டுத் திரை கறுப்பாக இருக்கிறது என்று தவிப்பவர்கள் நிறைய. கேசிங்கில் போர்டைத் தாங்கும் பித்தளை முளைகளில் ஒன்று தேவையில்லாத இடத்தில் நின்றாலும் போர்டின் பின்புறம் ஷோர்ட் ஆகும்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது. இந்தக் கம்பியூட்டரில் எல்லாம் சரியாகவே இருந்தன. செலவு 40 ரூபாய்.

காசே போகாத இன்னொரு சோதனை இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை. எத்தனை மணிக்கு எழும்பவில்லை என்று எழுதி வைப்பது. மாணவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா மலையால் இறங்கிய பிறகு, இருட்டிய நேரத்தில்தான் பட்டனை அழுத்தியிருக்கிறான். எழுதத் தொடங்கியதும் தெரிந்தது: ஞாயிறு காலையில் எழும்புகிறது, போயா நாள் பகலில் எழும்புகிறது, மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் எழும்புவதே இல்லை. கடையில் வைத்துப் பூட்டிப் பார்த்தபோது எழும்பியதும் பகலில்தான். பழுதான போர்ட் மணி பார்த்துப் பழுதாவதில்லை.

இந்த இடத்தில் ஒரு மல்டிமீற்றர் வேண்டும். புதிதாக வாங்கினால் சாதாரணமானது 1,800 ரூபாய், 1.3 பேர். பாடசாலை ஆய்வுகூடத்தில் இருந்ததால் செலவு பூச்சியம்.

பவர் சப்ளையில் இருந்து வரும் மின்னழுத்தங்களுக்கு எல்லை உண்டு. 5 வீதம் கூடலாம், 5 வீதம் குறையலாம். மஞ்சள் வயரில் 12 வோல்ட், எல்லை 11.4 முதல் 12.6 வரை. சிவப்பில் 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை. ஊதா வயரில் வருவதும் 5 வோல்ட்தான். பட்டனை அழுத்தாத போதும், பிளக் போட்டிருக்கும் வரை அது இருக்கும். சாம்பல் வயர் ஒரு சமிக்ஞை. பட்டனை அழுத்தி மற்ற மின்னழுத்தங்கள் நிலைகொண்ட பின், 100 முதல் 500 மில்லி செக்கனுக்குள் "எல்லாம் சரி" என்று போர்டுக்குச் சொல்லும். அது வராவிட்டால் போர்ட் புரொசசரை எழுப்பாது. அப்படி எழுப்பாமல் இருப்பதுதான் நல்ல போர்டின் வேலை.

மாலை ஏழு மணிக்கு ஊதாவில் 4.98. அதனால்தான் போர்டில் வெளிச்சம் எரிகிறது. மின்சாரம் வந்தும் போர்ட் எழும்பவில்லை என்று எல்லோரும் நினைப்பதும் அதனால்தான். பட்டனை அழுத்தியதும் மஞ்சள் வயர் 10ஐத் தாண்டி ஏறி, 11.4ஐத் தொடாமலே இறங்கிவிட்டது. சாம்பல் வயரில் ஒன்றும் வரவில்லை. காலை பத்து மணிக்கு அதே மஞ்சளில் 12.1. போர்டுக்கும் பழுதுக்கும் தொடர்பில்லை என்பது இங்கே உறுதியானது. 21 பேர் மிச்சம்.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளை அதற்குப் பிறகுதான் எல்லோரும் வாசித்தோம். பெரிய எழுத்தில் 500 வாட். அதன் கீழே சிறிய எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். இன்றைய கம்பியூட்டரில் பெரும்பாலான மின்சாரம் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. ஆகவே இந்தப் பெட்டி கொடுக்கக்கூடியது 200 வாட் அளவு. ஆனால் இந்தக் கம்பியூட்டருக்கு அது போதும். 12100 புரொசசரின் அடிப்படை அளவு 60 வாட், உச்சம் 89. மற்றப் பாகங்களுக்கு 30 வாட் சேர்த்தாலும் 120ஐத் தாண்டாது. பழுதைச் சொன்னது அதற்கும் கீழே இருந்த வரி: உள்ளீடு 200 முதல் 240 வோல்ட்.

சுவரில் 230 வோல்ட் வந்தால் பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கொள்ளளவி 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட் நேர்மின்னழுத்தத்துக்கு ஏறும். (பிளக்கைக் கழற்றிய பின்னும் அது உள்ளே தங்கியிருக்கும். பவர் சப்ளைப் பெட்டியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது.) தாளில் சொன்ன குறைந்தபட்ச 200க்கு இது 283. எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் செய்த நல்ல பவர் சப்ளைகள் 100 வோல்ட்டிலும் ஓடும். கேசிங்கோடு சேர்ந்து வரும் மலிவான பெட்டிகள் பல அப்படிச் செய்யப்பட்டவை அல்ல.

இனிச் சுவர். பிளக் பொயின்டில் மீற்றரை வைத்து எடுத்த அளவுகள்: காலை பத்து மணி, தோட்டத்தில் எல்லோரும் வேலையில், 226 வோல்ட். இரவு பதினொரு மணி, 219. மாலை ஏழு மணி, 168.

168ஐ 1.414ஆல் பெருக்கினால் 238. இந்தப் பவர் சப்ளைக்கு வேண்டிய 283க்கு 45 வோல்ட் குறைவு. கம்பியூட்டரின் கதை இத்தோடு முடிந்தது. ஆனால் காலையில் இருந்த 226இல் 58 வோல்ட் எங்கே போனது என்ற கணக்கை முடிக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. வயரிங் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டோம்.

வீடு லயத்தின் கடைசி அறை. மின்சாரம் இந்த வீட்டோடு சேர்த்து மூன்று வீடுகளுக்கு ஒரே வயரில், கூரைத் தகரத்தின் கீழே 40 மீற்றர் ஓடி வருகிறது. வயர் 1.5 சதுர மில்லிமீற்றர், பொதுவாக விளக்குகளுக்குப் போடுவது. போக 40, வர 40, மொத்தம் 80 மீற்றர் செம்பு. அதன் தடை 0.92 ஓம். மாலை ஏழு மணிக்குக் கிளாம்ப் மீற்றரில் ஓடியது 20 ஆம்பியர்: இரண்டு கேத்தல், இரண்டு ரைஸ் குக்கர், ஒரு அயன், டீவி, விளக்குகள். 0.92ஐ 20ஆல் பெருக்கினால் 18 வோல்ட் வயரிலேயே போகிறது. லயத்தின் நடுவில் ஒரு பழைய மூட்டு. அதன் இரு பக்கமும் வைத்து அளந்தால் 8 வோல்ட். மிச்சம் 32 வோல்ட் லயத்துக்கு வரும் முன்பே, வெளி லைனில் போய்விட்டது. கம்பத்தில் இருந்து இறங்கும் இடத்தில் அந்த நேரம் 194தான்.

32, 18, 8. கூட்டினால் 58.

இதில் சிறிய எண்தான் பயங்கரமானது. 8 வோல்ட், 20 ஆம்பியர்: 160 வாட். ஒரு மூட்டுக்குள், விரல் நுனி அளவு இடத்தில், 160 வாட் சூடு மாலை தோறும் உண்டாகிறது. 60 வாட் சோல்டரிங் அயன் இரண்டரையைச் சேர்த்துக் கட்டி, நூறு வருடப் பழைய மரச் சட்டத்தில் சாய்த்து வைத்தால் எப்படியோ அப்படி. கறுப்பு நாடாவைப் பிரித்தபோது வயரின் தோல் உருகிச் சட்டத்தில் ஒட்டியிருந்தது. மரம் கரியாகத் தொடங்கியிருந்தது. ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்டார்கள். அது 30 மில்லி ஆம்பியர் நிலத்துக்குக் கசிந்தால் விழும். மூட்டில் உண்டாகும் சூடு அதற்குத் தெரியாது. 32 ஆம்பியர் பிரேக்கருக்கும் 20 ஆம்பியர் ஒரு பொருட்டல்ல. லயத்தில் ஒரு அறை 10 அடிக்கு 12 அடி. கூரை எல்லா அறைக்கும் ஒன்றே. ஓர் அறையில் பிடித்தால் வரிசையே போகிறது. அப்படி எரிந்த லயங்களைப் பற்றிய செய்தி இல்லாமல் மலையகத்தில் ஒரு வருடம் கழிவதில்லை. எழும்ப மறுத்த கம்பியூட்டர் இல்லாவிட்டால் அந்த மூட்டை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேத்தலும் இதே கணக்கைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1,800 வாட் கேத்தல் 168 வோல்ட்டில் 960 வாட்தான் தரும். 18 பாகை குளிர்ந்த தண்ணீர் ஒரு லீற்றர், 1,200 மீற்றர் உயரத்தில் 96 பாகையில் கொதிக்க, முழு மின்னழுத்தம் இருந்தால் மூன்று நிமிடம். 168இல் ஐந்து நிமிடம் நாற்பது செக்கன். மலையால் இறங்கிய பெண்கள் தேத்தண்ணிக்கு நிற்கும் நேரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. "கேத்தல் பழசாயிருச்சு" என்று ஒரு வீட்டில் புதுக் கேத்தலும் வாங்கியிருந்தார்கள்.

ஸ்டெபிலைசர் வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். 10,000 ரூபாய் அளவு, 7.4 பேர். 168ஐ அது 220 ஆக உயர்த்தும். அதற்காக அதே வயரில் இருந்து கூடுதல் ஆம்பியர் இழுக்கும். உருகிக்கொண்டிருக்கும் மூட்டைத் தாண்டி வரும் மின்சாரத்துக்கு ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

கடைசியில் செலவானது இது. 4 சதுர மில்லிமீற்றர் வயர் 80 மீற்றர், மீற்றர் 280 வீதம் 22,400. கூலியும் கனெக்டர்களும் 4,100. கூட்டினால் 26,500, மூன்று வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 8,833, அதாவது 6.5 பேர். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், வயரை மாற்றும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அங்கே எழுந்தது. குடியிருப்பவர்கள் உறுதிப் பத்திரம் இல்லாத வீட்டுக்குத் தங்கள் காசில் வயர் போட்டார்கள். இது நியாயமல்ல என்றே நினைக்கிறேன். ஆனால் கரிந்த சட்டத்தைப் பார்த்த பின் யாரும் காத்திருக்கத் தயாராக இல்லை. 100 முதல் 240 வோல்ட் வரை ஓடும் 450 வாட் பவர் சப்ளை ஒன்று 13,500, சரியாக 10 பேர். மாணவனின் வீட்டுக்கு, அழிறப்பரும் சேர்த்து, 22,373 ரூபாய், 16.6 பேர். போர்ட் மாற்றியிருந்தால் 21 பேர் போயிருக்கும்; மாலை ஏழு மணிக்கு அந்தப் புதுப் போர்டும் எழும்பியிருக்காது.

இப்போது மாலை ஏழு மணிக்கு 187 வோல்ட். புதிய வயரில் 18க்குப் பதில் 7தான் போகிறது, மூட்டில் அளக்கும்படி ஒன்றும் இல்லை. 187ஐ 1.414ஆல் பெருக்கினால் 264. பழைய பவர் சப்ளையின் 283க்கு இதுவும் போதாது, அதனால் புதியதை வாங்கியது வீண் செலவல்ல. கம்பியூட்டர் தினமும் நாலு மணித்தியாலம் ஓடினால், மொனிட்டரோடு சராசரி 70 வாட் என்று வைத்து, மாதம் 8.4 அலகு. பாவனை 60 அலகைத் தாண்டினால் கட்டண வீதமே மாறும் என்பதால் இந்த எண்ணையும் வீட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மீதி இருப்பது கம்பத்தில் வரும் 194. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230, கூடவும் குறையவும் 6 வீதம். 216க்குக் கீழே போகக் கூடாது. இங்கே 22 வோல்ட் குறைவு. தலவாக்கலையில் அணை கட்டி 2012இல் இருந்து ஓடும் மேல் கொத்மலைத் திட்டத்தின் திறன் 150 மெகாவாட். 100 வாட் எடுக்கும் கம்பியூட்டர்கள் 15 இலட்சத்துக்கு அது போதும். அந்த அணைக்கு நிலமும் தண்ணீரும் கொடுத்த ஊரின் லயத்தில், மாலையில் ஒரு பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில், சட்டம் சொல்லும் 216 வர வேண்டும். இதை ஒரு வீட்டுக்காரர் ரூபாயால் சரிசெய்ய முடியாது. திகதியும் மணியும் வோல்ட்டும் எழுதிய தாளில் லயத்தில் உள்ள எல்லோரும் ஒப்பமிட்டு முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். "கரண்ட் குறைவா இருக்கு" என்று வாயால் சொல்லும் முறைப்பாட்டுக்குக் கிடைக்காத கவனம் எண்களோடு போகும் தாளுக்குக் கிடைக்கும்.

மலையகத்துப் பாடசாலைகளில் தகவல் தொழில்நுட்பமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுகூட மல்டிமீற்றரை எழுதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் மாணவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், பெரியவர் ஒருவர் கூட இருந்து அளக்கச் சொல்லி. காலை பத்து மணிக்கு ஒரு அளவு, மாலை ஏழு மணிக்கு ஒரு அளவு போதும். இரண்டுக்கும் இடையில் 20 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கம்பியூட்டர் கடைக்குப் போக வேண்டாம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கூரைக்குக் கீழே உள்ள மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.